வாசகர் கேள்வி – பதில்: ஆரஞ்சும் பெர்ரியும் சேர்ந்த லோஃப் கேக்

சென்ற இதழில் வெளியான ஆரஞ்சு – ஸ்ட்ராபெர்ரி லோஃப் கேக் குறிப்பைச் செய்து பார்த்தவர்களிடமிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. நன்றாக வந்தது என்று எழுதியவர்களுக்கு நன்றி. சரியாக வராததற்குக் காரணம் கேட்டு எழுதியவர்களுக்கே இம்முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறேன். சென்ற இதழ் கைவசம் இல்லாதவர்களுக்காகக் குறிப்பைச் சுருக்கமாகத் தருகிறேன். 200 கிராம் மைதா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2 ஆரஞ்சுப் பழங்களின் மேல்தோல் துருவலை 170 கிராம் சர்க்கரையோடு விரல்களால் நன்றாகக் கசக்கி, அதனுடன் 3 முட்டை, துணியில் கட்டி 1 மணி நேரம் வடித்த தயிர் 150 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, மணமில்லாத எண்ணெய் 110 மில்லி ஆகியவற்றைச் சேர்த்து அடிக்க வேண்டும். சலித்த மாவை இதில் கலந்து, கடைசியாக 150 கிராம் பெர்ரியைச் சேர்த்து, பட்டர் பேப்பர் விரித்த 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் கொண்ட டின்னில் ஊற்றி, முன்கூட்டியே சூடேற்றிய அவனில் 170 டிகிரி செல்சியஸில் 50 முதல் 60 நிமிடம் வரை வேகவைக்க வேண்டும்.

கேள்வி: நான் பார்த்த பெரும்பாலான லோஃப் கேக் குறிப்புகளில் வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கச் சொல்கிறார்கள். தாங்கள் எண்ணெய் சேர்க்கச் சொன்னது ஏன்? வெண்ணெயில் செய்து பார்த்தேன். கலவை திரிந்து போய், கேக்கும் அடர்த்தியாக வந்தது. – வாசகி, சென்னை

பதில்: தாங்கள் செய்ததில் தவறில்லை, தவறு 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் குளிர் நாட்டுச் சமையலறைகளில் பிறந்தது. அங்கே அறை வெப்பநிலை என்றால் 18 முதல் 20 டிகிரி வரை. அந்த நிலையில் வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவு மென்மையாக இருக்கும், ஆனால் உருகாது. சர்க்கரைப் பரல்கள் அதைக் கீறிக்கீறி உண்டாக்கும் நுண்ணிய காற்றுக் குமிழ்களைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். கேக் உப்புவதற்கு அந்தக் குமிழ்களே அடித்தளம். பேக்கிங் பவுடர் அவற்றைப் பெரிதாக்குகிறதே தவிர, புதிதாக உண்டாக்குவதில்லை. சென்னைச் சமையலறையில் மே மாதப் பிற்பகலில் வெண்ணெயை வெளியே வைத்தால் அது நெய்ப்பதத்தை நோக்கிப் போய்விடுகிறது. 32 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் உருகத் தொடங்கும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. அதன்மேல் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையையும் புளிப்பான சாற்றையும் சேர்த்தால் கலவை திரிவது இயல்புதான்.

எண்ணெய்க் கேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் வெப்பத்தில் எண்ணெய் எப்போதும் ஒரே பதத்தில் இருக்கும். காற்றை முட்டையும் சர்க்கரையும் பிடித்துக்கொள்ளும். குளிர்பெட்டியில் வைத்தாலும் கேக் இறுகாது. வெண்ணெயின் சுவைதான் வேண்டும் என்றால் விடியற்காலையில், வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, 10 நிமிடத்துக்குள் அடிக்கத் தொடங்குங்கள். பாத்திரம் வெதுவெதுப்பானால் அதைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தட்டில் இருத்தி அடிக்கலாம். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது கலவை திரிவதுபோல் தெரிந்தால், எடுத்து வைத்த மைதாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டியைத் தூவி அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

கேள்வி: ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் 'ஒரு லெமன்' என்று போட்டிருந்ததால் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டேன். கேக்கில் எலுமிச்சை வாசமே இல்லை. அடுத்த முறை மூன்று பழத்தின் தோலையும் நன்றாகத் துருவிப் போட்டேன், கசந்துவிட்டது. என்னதான் செய்வது? – வாசகர், திருச்சி

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் பேனாவை எடுத்தேன் என்று சொல்லலாம். அந்த லெமனும் நம் எலுமிச்சையும் வெவ்வேறு பழங்கள். அது பெரியது, தடித்த தோலுடையது. ஒரு பழத்தில் ஏறக்குறைய 3 மேசைக்கரண்டிச் சாறும் ஒரு மேசைக்கரண்டித் துருவலும் கிடைக்கும். நம் ஊறுகாய்க்குப் போடும் உருண்டைப் பழம், ஆங்கிலத்தில் 'லைம்' என்று அழைக்கப்படும் இனத்தைச் சேர்ந்தது. அதன் தோல் மெல்லியது, சாறு பெரும்பாலும் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றே கூடுதலாகத்தான் வரும். ஆகவே அந்தப் புத்தகத்தின் ஒரு லெமனுக்கு நம் பழம் மூன்றாவது வேண்டும். எண்ணிக்கையைச் சரியாகத்தான் உயர்த்தினீர்கள். துருவிய ஆழம்தான் மிகுந்துவிட்டது.

சிட்ரஸ் பழங்களின் வாசம் சாற்றில் இருப்பதைவிடத் தோலின் மேற்பரப்பில் உள்ள எண்ணெய்ப் பைகளில்தான் அதிகம். ஆரஞ்சுத் தோலை விளக்குச் சுடருக்கு அருகில் மடித்துப் பிழிந்து பொறி பறக்கச் செய்த சிறுவயது விளையாட்டு நினைவிருக்கிறதா? அப்போது தெறித்தது அந்த எண்ணெய்தான். அதற்கு அடியிலுள்ள வெள்ளைப் பஞ்சில்தான் கசப்பு இருக்கிறது. நம் எலுமிச்சையில் நிறமுள்ள தோல் மிகவும் மெல்லியதாக இருப்பதால் துருவியை ஒரே இடத்தில் இரண்டாம் முறை இழுத்தாலே வெள்ளைப் பஞ்சும் சேர்ந்து வந்துவிடும். ஒரு இழுப்பு, உடனே பழத்தைத் திருப்புதல், மறுபடி ஒரு இழுப்பு என்று செய்ய வேண்டும். தேங்காய்த் துருவியோ காய்கறித் துருவியின் பெரிய கண்களோ இதற்கு உதவாது. மிகச் சிறிய கண்களுள்ள துருவி வேண்டும்.

துருவலைச் சர்க்கரையோடு கசக்கச் சொன்னதற்கும் காரணம் இதுதான்: சர்க்கரைப் பரல்கள் எண்ணெய்ப் பைகளைக் கிழித்து வாசத்தை வெளியே கொண்டுவருகின்றன. சர்க்கரை ஈர மணல்போல ஆகி, அடுத்த அறையில் இருப்பவர் வந்து என்ன வாசம் என்று கேட்கும்வரை கசக்க வேண்டும். நம் கடைச் சர்க்கரை பெரும்பரலாக இருப்பதால், கசக்கிய பின் மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டால் முட்டையில் எளிதாகக் கரையும்.

பழத் தேர்வைப் பற்றியும் ஒரு சொல். கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து வரும் கமலா ஆரஞ்சின் வாசத்துக்கு ஈடில்லை என்பது என் கருத்து. ஆனால் அதன் தோல் சுளையை விட்டு விலகித் தொளதொளவென்று இருப்பதால் துருவியில் பிடிபடாது. உரித்த தோலின் உட்புற வெள்ளையைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, வெளித்தோலைப் பொடியாக நறுக்கிச் சர்க்கரையோடு மிக்ஸியில் அரைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கின்னோவின் தோல் இறுக்கமானது, துருவ எளிது. சாத்துக்குடியை நான் பரிந்துரைப்பதில்லை. குடிக்க இனிமையான அந்தச் சாறு கேக்குக்குள் போனால் இருந்த இடம் தெரியாது. பழம் பளபளவென்று மெழுகு பூசியதுபோல் இருந்தால் வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகே துருவ வேண்டும்.

கேள்வி: பெர்ரி எல்லாம் அடியில் போய்த் தங்கிவிட்டது. கேக்கின் அடிப்பகுதி களி போல இருந்தது. மைதாவில் புரட்டித்தான் போட்டேன். – வாசகி, மதுரை

பதில்: மைதாவில் புரட்டுவதால் பெரிய பயன் இல்லை என்பதைப் பல கேக்குகளின் அடிப்பகுதியைச் சுரண்டித் தின்று கற்றுக்கொண்டவள் நான். புரட்டிய மாவு பழத்தின் மேலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும்; அவ்வளவுதான். பழம் மிதப்பதும் மூழ்குவதும் கலவையின் கெட்டித்தன்மையைப் பொறுத்தது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் வடை மாவுபோல் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடாது, தோசை மாவுபோல் ஓடவும் கூடாது. இட்லி மாவுபோல மெதுவாக, மடிப்பு மடிப்பாக விழ வேண்டும். தயிரை வடிக்கச் சொன்னது இதற்காகத்தான். தாங்கள் வடிக்காத தயிரைச் சேர்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஸ்ட்ராபெர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு நீர். நவம்பர் இறுதியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பகுதியிலிருந்து சிறு பெட்டிகளில் வருவதும், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விளைவதும் நமக்குக் கிடைக்கும் முக்கிய வகைகள். முழுப் பழமாகப் போட்டால் அதன் கனமே அதை அடிக்கு இழுத்துச் செல்லும். வெந்தபின் அது இருந்த இடத்தில் ஈரக் குழி விழும். சுண்டுவிரல் நுனியளவு துண்டுகளாக நறுக்கி, துணியில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சர்க்கரை தூவி ஊறவைக்காதீர்கள். அது இருக்கும் நீரையெல்லாம் வெளியே இழுத்துவிடும். பிறகு கலவையில் மூன்றில் ஒரு பங்கைப் பழமில்லாமல் டின்னின் அடியில் ஊற்றி, மீதியில் மட்டும் பழத்தைக் கலந்து மேலே ஊற்றுங்கள். சிறிது பழத்தை மேற்பரப்பிலும் தூவலாம். இவ்வளவும் செய்தால் பழம் மூழ்கினாலும் அடியைத் தொடாமல் நடுவில் நின்றுவிடும்.

உறைந்த ப்ளூபெர்ரி வாங்கினால் உருகவிடாமல் அப்படியே சேர்த்து, வேகும் நேரத்தைக் கூடுதலாக 5 முதல் 10 நிமிடம் வரை நீட்டிக்க வேண்டும். விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு நம் பக்கத்திலேயே நல்ல மாற்று உண்டு. பட்டுப்புழு வளர்ப்புக்காக மல்பெரி பயிரிடும் ஊர்களில் அதன் கருஞ்சிவப்புப் பழம் கிடைக்கும். காம்பைக் கிள்ளிவிட்டுச் சேர்க்கலாம். நீலகிரிச் சந்தைகளில் காகிதம் போன்ற உறைக்குள் மஞ்சளாக உருண்டிருக்கும் கேப் கூஸ்பெர்ரி, சாறு விடாமல், புளிப்பும் இனிப்புமாக, என் கணிப்பில் ஸ்ட்ராபெர்ரியைவிட இந்தக் கேக்குக்குப் பொருத்தமானது. களாக்காயையும் முயன்று பார்த்தேன். பால் போன்ற பிசினும் கடும்புளிப்பும் சேர்ந்து அது ஊறுகாய்ப் பரணிக்கே உரியது என்று காட்டிவிட்டது. அந்தக் களாக்காயைத்தான் பாகில் ஊறவைத்துச் சிவப்பு நிறமேற்றிப் பல அடுமனைகளில் கேக்கின் மேல் 'செர்ரி' என்று வைக்கிறார்கள் என்பது வேறு கதை.

தாவரவியல்படி பார்த்தால் ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே அல்ல, ஆரஞ்சுதான் ஒருவகைப் பெர்ரி என்று பள்ளி செல்லும் வாசகர் ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். அவர் சொல்வது சரி. கேக்கின் பெயரை மாற்றப் போவதில்லை.

கேள்வி: மல்பெரி சேர்த்த கேக்கை வெட்டியதும் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தது. கெட்டுவிட்டதா? சாப்பிடலாமா? – வாசகி, சேலம்

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். மல்பெரி, ப்ளூபெர்ரி, நாவல் போன்ற பழங்களின் நிறமி புளிப்பில் சிவப்பாகவும் காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாகவும் மாறும். கலவையில் சமையல் சோடா மிகுந்திருந்தாலோ, அது சரியாகக் கலக்காமல் கட்டியாகத் தங்கியிருந்தாலோ பச்சை வளையம் தோன்றும். மேலே தந்த குறிப்பில் சோடாவே இல்லை என்பதால், பேக்கிங் பவுடருக்குப் பதில் தாங்கள் சோடாவைப் போட்டிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதைச் சமன்செய்யும் அமிலப் பொருளும் சேர்ந்தே இருக்கிறது. வெறும் சோடாவுக்குத் தயிரோ எலுமிச்சைச் சாறோ போதிய அளவில் துணை வேண்டும். சோடா மிகுந்த கேக்கில் சவர்க்கார வாடையும் இலேசாக அடிக்கும்.

கேள்வி: சென்னையில் என் அக்கா வீட்டில் இதே குறிப்பில் கேக் அழகாக வருகிறது. ஊட்டியில் நான் செய்தால் அவனில் பொங்கி எழுந்து, பிறகு நடுவில் குழிந்துவிடுகிறது. அளவுகள் எல்லாம் சரிதான். – வாசகி, உதகமண்டலம்

பதில்: அளவுகள் சென்னைக்குச் சரி. தாங்கள் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான். கலவைக்குள் உண்டாகும் வாயுக் குமிழ்களை மேலிருந்து அழுத்தும் காற்று குறைவாக இருப்பதால் அவை வேகமாக, அளவுக்கு மீறிப் பெரிதாகின்றன. முட்டையும் மாவும் வெந்து இறுகித் தாங்கிப் பிடிப்பதற்குள் அவை வெடித்துவிடுகின்றன. குழி விழுவது அதனால்தான். தங்கள் ஊரில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், கலவையிலுள்ள ஈரமும் விரைவாக ஆவியாகிறது. சர்க்கரையின் செறிவு கூடிக் கேக் இறுகுவது மேலும் தாமதமாகிறது.

ஆகவே பேக்கிங் பவுடரை 2 தேக்கரண்டியிலிருந்து ஒன்றரையாகக் குறையுங்கள். சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டியைக் குறைத்து, பாலோ ஆரஞ்சுச் சாறோ 2 மேசைக்கரண்டி கூட்டுங்கள். அவனின் வெப்பத்தை 180 டிகிரியாக உயர்த்தி, 45 நிமிடத்திலிருந்தே குச்சி விட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். முட்டையை நுரை பொங்க அடிக்காமல், கலந்தால் போதும் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் முறையே முழுச் சரியாக வராவிட்டால் பேக்கிங் பவுடரை இன்னும் ஒரு கால் தேக்கரண்டி குறைத்துப் பாருங்கள்.

இதற்கு ஈடாகத் தங்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னை வாசகி ஏங்கும் அந்த 'அறை வெப்பநிலை வெண்ணெய்' தங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. எண்ணெய்க்குப் பதில் 130 கிராம் வெண்ணெயைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செய்து பாருங்கள். அக்கா வீட்டுக் கேக்கைவிட நன்றாக வரும்.

கேள்வி: அவன் இல்லை. குக்கரில் செய்யலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: செய்யலாம், ஆனால் லோஃப் டின் குக்கருக்குள் போகாது. 7 அங்குல வட்டப் பாத்திரத்தில் மேற்சொன்ன அளவில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக, 2 முட்டைக்கு ஏற்ற கணக்கில் செய்யுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, மூடி போட்டு மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்கிய பின் பாத்திரத்தை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து 40 நிமிடம் வேகவிடுங்கள். வெறும் பாத்திரத்தைச் சூடாக்குவது நல்ல குக்கரைப் பாழாக்கும் என்பதால் பழைய, அடி கனத்த குக்கரை இதற்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது. மேலிருந்து வெப்பம் இறங்காததால் மேற்பகுதி வெளிறித்தான் இருக்கும். 80 கிராம் பொடித்த சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைக் குழைத்து, ஆறிய கேக்கின் மேல் ஊற்றினால் அந்த வெளிறல் மறைந்துவிடும்.

கேள்வி: முட்டை சேர்க்காத வீடு எங்களுடையது. எங்களுக்கு வழி உண்டா? – வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு, ஆனால் மேலுள்ள குறிப்பிலிருந்து முட்டையை மட்டும் நீக்கினால் வராது. இதற்குக் கணக்கே வேறு. 240 கிராம் வடிக்காத புதுத் தயிரில், தோலோடு கசக்கிய 150 கிராம் சர்க்கரையைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவையும் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் கலந்து 5 நிமிடம் விடுங்கள். நுரைத்து எழும். பிறகு 110 மில்லி எண்ணெயையும் 190 கிராம் மைதாவையும் சேருங்கள். மைதா சேர்த்தபின் கட்டி மறையும்வரை மட்டுமே கலக்க வேண்டும். முட்டை இல்லாத கேக்கில் கூடுதலாக அடித்தால் மாவின் பசையம் இழுபட்டு, கேக் ரப்பர் போல ஆகிவிடும். புழுத் துளைத்ததுபோல நீள நீளமான ஓட்டைகளும் விழும். கலந்த உடனே அவனுக்குள் போய்விட வேண்டும்; தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும். பழத்தின் அளவை 100 கிராமுக்கு மேல் கூட்டாதீர்கள். முட்டையின் பிடிமானம் இல்லாத கேக் அதிகக் கனத்தைத் தாங்காது.

கேள்வி: கேக்கின் மேல் நீளவாக்கில் வெடித்துவிட்டது. எப்படித் தடுப்பது? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தடுக்க வேண்டாம். ஆழமான டின்னில் ஓரமும் மேல்தோலும் முதலில் வெந்து இறுகிவிடும். நடுப்பகுதி அதன் பின்னும் உப்பி எழுவதால் மேல்தோல் பிளக்கிறது. லோஃப் கேக்கின் அடையாளமே அந்தப் பிளவுதான். நேர்கோட்டில் பிளக்க வேண்டும் என்று விரும்பினால் 15 நிமிடம் கழித்து, எண்ணெய் தடவிய கத்தியால் நடுவில் ஒரு கோடு கீறிவிடுங்கள். ஆனால் சிறிய ஓ.டி.ஜி. அடுப்புகளில் மேல் கம்பிக்கு மிக அருகில் டின் இருந்தாலும் மேல்தோல் விரைவில் கருகிப் பிளக்கும். அப்படியானால் டின்னைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, 35 நிமிடத்துக்குப் பின் மேலே ஃபாயில் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

கேள்வி: தராசு இல்லை. அளவுகளைக் கப்பில் தரக் கூடாதா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு கப் என்பது சில நாட்டுக் கணக்கில் 240 மில்லி, சில நாட்டுக் கணக்கில் 250 மில்லி, நம் வீட்டுக் காப்பிக் குவளையோ எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாதது. அதிலும் மைதாவைத் தளர்வாக நிரப்பினால் 120 கிராமும் அழுத்தி நிரப்பினால் 150 கிராமும் பிடிக்கும். கப்பில் தருவதில் எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான். சிறிய மின்தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்? – வாசகி, புதுச்சேரி

பதில்: பழத்தின் ஈரம் உள்ளே இருப்பதால் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஒரு நாளைக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம், இரண்டாம் நாள் மாலையே பழம் இருக்கும் இடங்களில் பூஞ்சை தோன்றக்கூடும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் 4 நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சுற்றி, உறைநிலைப் பெட்டியில் 2 மாதம் வரை வைக்கலாம். எடுத்து முக்கால் மணி நேரம் வெளியே வைத்தால் பழைய மென்மைக்குத் திரும்பிவிடும். சர்க்கரைப் பூச்சு ஊற்றுவதாக இருந்தால் அதை உறையவைக்கும் முன் செய்யாமல், வெளியே எடுத்தபின் செய்யுங்கள். இல்லையேல் பூச்சு நீர்த்துத் தட்டில் வழிந்துவிடும். எந்த முறையில் வைத்தாலும், கேக் முழுவதும் ஆறிய பின்பே டப்பாவில் மூட வேண்டும். டின்னிலிருந்து 15 நிமிடத்தில் எடுத்துக் கம்பித் தட்டின் மேல் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும்.